‘சன்னி 16’: மிச்சப் பாடல்களா, பென் ஃபோல்ட்ஸின் செறிவான பதிவா?

அமெரிக்கப் பாடகரும் பியானோக் கலைஞருமான பென் ஃபோல்ட்ஸ் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சன்னி 16’ என்ற ஐந்து பாடல் இ.பி.யை (ஆல்பத்தைவிடச் சிறிய இசைத்தொகுப்பை) சிலர் அவருடைய மிகச் சிறந்த பதிவு என்கிறார்கள், வேறு சிலர் ஆல்பத்தில் இடம் கிடைக்காத மிச்சப் பாடல்கள் என்று ஒதுக்குகிறார்கள், இதில் எதை ஏற்பது, அவரைப் புதிதாகக் கேட்பவர் இதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடல்களின் எண்ணிக்கை குறைவு என்பதை வைத்து இதைச் சிறிய முயற்சி என்று கருதுவது தவறு. தனிக் கலைஞராக ஃபோல்ட்ஸ் செய்தவற்றுள் இவ்வளவு செறிவான பதிவு வேறு இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மாற்றுக் கருத்து சொல்பவர்கள் கவனக்குறைவாகக் கேட்டவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் எந்த ஃபோல்ட்ஸை எதிர்பார்த்து வந்தார், இப்பாடல்களை எந்த வடிவத்தில் முதலில் கேட்டார் என்பதைப் பொறுத்தே அவருடைய கருத்து அமைந்திருக்கிறது. ஆகவே அதையும் விளக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள வின்ஸ்டன்-சேலம் நகரில் 1966-இல் பிறந்த ஃபோல்ட்ஸ் பியானோக் கலைஞராகப் புகழ்பெற்றவர் என்றாலும், மயாமி பல்கலைக்கழகத்தில் தாளவாத்தியத்துக்கான உதவித்தொகையில் சேர்ந்தவர். இந்தத் தகவல் அவருடைய வாசிப்பைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். அவர் பியானோவில் மெட்டை வாசிக்கும்போதே தாளத்தையும் அடித்துக் காட்டுவார். இடக்கை பல இடங்களில் டிரம்ஸின் வேலையைச் செய்யும். அதே மாநிலத்தின் சாப்பல் ஹில் நகரில் அவர் தொடங்கிய ‘பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ்’ என்ற குழுவில் பெயருக்கு மாறாக மூன்றே பேர் இருந்தார்கள். கிட்டார் கிடையாது. ராபர்ட் ஸ்லெட்ஜ் தன் பேஸ் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாகச் சிதைத்து அந்த இடத்தை நிரப்பினார், டாரன் ஜெஸ்ஸி டிரம்ஸ் வாசித்தார், மூவரும் சேர்ந்து பாடினார்கள். 1997-இல் வந்த ‘வாட்எவர் அண்ட் எவர் ஆமென்’ ஆல்பமும் அதிலிருந்த ‘பிரிக்’ பாடலும் அவர்களைப் பரவலாக அறியச் செய்தன. 2000-இல் குழு பிரிந்தது. அடுத்த ஆண்டு ஃபோல்ட்ஸ் ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பதிவு செய்த ‘ராக்கின் த சபர்ப்ஸ்’, 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கில் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட அதே நாளில், கடைகளுக்கு வந்தது.

அதற்கு அடுத்த முழு ஸ்டூடியோ ஆல்பம் 2005-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் 2003-இல் ‘ஸ்பீட் கிராஃபிக்’, அதே ஆண்டில் ‘சன்னி 16’, 2004-இல் ‘சூப்பர் டி’ என்று மூன்று இ.பி.க்களை, ஒவ்வொன்றிலும் ஐந்து பாடல்களாக, அவர் வெளியிட்டார். மூன்று பெயர்களும் புகைப்படக் கலையிலிருந்து வந்தவை; ஃபோல்ட்ஸ் அதில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். ஸ்பீட் கிராஃபிக், சூப்பர் டி இரண்டும் கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் பழைய கேமராக்கள். சன்னி 16 என்பது, நல்ல வெயிலில் லென்ஸின் திறப்பை 16-இல் வைத்து, ஃபிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டரை நூற்றில் ஒரு நொடிக்கு அருகில் வைத்தால் ஒளிமானி இல்லாமலே படம் சரியாக விழும் என்ற விதி. ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் திறக்கப்பட்டு, ஒரு பாடலைத் தனியாக 99 சென்ட்டுக்கு வாங்கலாம் என்ற நிலை வந்த சில மாதங்களிலேயே இந்த வரிசை தொடங்கியது. அது ஆல்பம் என்ற வடிவமே ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம். ஐந்து பாடல்களை எழுதியவுடன் கேட்பவரிடம் கொண்டுசேர்ப்பதற்கு வழி பிறந்திருந்தது, ஃபோல்ட்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

‘மிச்சம்’ என்ற குற்றச்சாட்டை இந்தக் காலவரிசையை வைத்தே மறுக்கலாம். மிச்சம் என்றால் ஏதோ ஓர் ஆல்பத்திலிருந்து கழிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். 2005-இல் வந்த ‘சாங்ஸ் ஃபார் சில்வர்மன்’ ஆல்பத்துக்காக, மூன்று இ.பி.க்களின் பதினைந்து பாடல்களில் ‘கிவ் ஜூடி மை நோட்டீஸ்’ என்ற ஒன்றே ஒன்று மீண்டும் பதிவு செய்யப்பட்டது. அதுவும் ‘ஸ்பீட் கிராஃபிக்’கில் இருந்தது. ‘சன்னி 16’-இன் பாடல் எதுவும் அங்கே போகவில்லை. இவை தம் அளவில் முழுமையானவை என்ற எண்ணத்துடனேயே வெளியானவை.

பழைய மூவர் குழுவின் ரசிகர்கள் சொல்லும் குறை இதைவிட வலுவானது. ஸ்லெட்ஜின் கரகரப்பான பேஸும், மூன்று பேர் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் அந்த உராய்வும் இல்லாமல், ஃபோல்ட்ஸின் பாடல்கள் வழவழப்பாகிவிட்டன என்பது அவர்கள் மனக்குறை. ஒலியை மட்டும் வைத்துப் பேசினால் இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த உராய்வு காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது என் கருத்து. குழுவில் வாத்தியங்களுக்கிடையே நடந்த மோதல் இந்த இ.பி.யில் மெட்டுக்கும் சொல்லுக்கும் இடையே நடக்கிறது. இனிமையான, ஏறக்குறைய தாலாட்டைப் போன்ற மெட்டின் மேல் கசப்பான சொற்களை வைப்பதும், துள்ளும் தாளத்தின் மேல் கண்டிப்பான அறிவுரையை வைப்பதும் இங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. பியானோவின் ஒலியில் மட்டும் கவனம் செலுத்துபவருக்கு வழவழப்பு தெரியும், சொற்களோடு சேர்த்துக் கேட்பவருக்கு அதன் கூர்மை பிடிபடும்.

முதல் பாடலான ‘தேர்ஸ் ஆல்வேஸ் சம்ஒன் கூலர் தேன் யூ’ துள்ளலான வேகத்தில் செல்வது. பிறரைச் சிறுமைப்படுத்தித் தன்னை உயர்த்திக்கொள்பவனிடம், உன்னைவிடக் கெத்தானவன் எங்காவது இருந்துகொண்டேதான் இருப்பான் என்று சொல்கிற பாடல் இது. இதைப் பாடசாலைக் குழந்தைகளுக்கான புத்திமதி என்று குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. வரிகளை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அப்படித்தான் தோன்றும். பாடும்போது அந்தக் குரலில் இருக்கும் காயம் தாளில் வராது. இரண்டாவது பாடலான ‘லேர்ன் டு லிவ் வித் வாட் யூ ஆர்’, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் உண்மையான தருணம் வந்து நிற்கும் என்று காத்திராதே, நீ எதுவாக இருக்கிறாயோ அதோடு வாழக் கற்றுக்கொள்வதே நீ மறந்துபோனது என்று சொல்லும் நிதானமான பாடல். ‘த லக்கியஸ்ட்’ போன்ற உருக்கமான காதல் பாடல்களுக்காக ஃபோல்ட்ஸிடம் வந்தவர்கள் இந்த இ.பி.யில் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வில் எனக்கும் உடன்பாடு உண்டு. முதல் பாடலில் மற்றவனிடம் சொன்னதை இரண்டாவது பாடலில் தன்னிடமே திருப்பிச் சொல்லிக்கொள்வதாக நான் இதைக் கேட்கிறேன். அப்படிக் கேட்கும்போது முதல் பாடலின் புத்திமதித் தொனியும் உறுத்துவதில்லை.

கருத்துகள் கடுமையாக மோதும் இடம் மூன்றாவது பாடலான ‘ஆல் யூ கேன் ஈட்’. ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் தந்தை தன் மகனிடம், இங்கே இருப்பவர்களைப் பார், இவர்கள் எவ்வளவு எடை இருப்பார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டுத் தொடங்குகிறார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே கார் நிறுத்துமிடத்தை அடைத்து நிற்கும் பெரிய எஸ்.யு.வி. வண்டிகளைக் காட்டுகிறார். தங்களுக்குப் போதுமான அளவு கிடைக்கும் வரை இவர்களுக்கு எதைப் பற்றியும் அக்கறை இல்லை என்பதை ஒரு கெட்ட வார்த்தையோடு கோரஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இதெல்லாம் மென்மையான, அவசரமே இல்லாத ஒரு மெட்டில் பாடப்படுகிறது. அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்த ஆண்டு அது. தன் நாட்டின் தன்னிறைவு மிதப்பைப் பற்றி ஓர் அமெரிக்கர் அந்த நேரத்தில் இப்படிப் பாடியதை வரவேற்றவர்களும் உண்டு, மனம் புண்பட்டவர்களும் உண்டு. கெட்ட வார்த்தைக்காகவே இதைப் பிள்ளைகள் முன் போட முடியாது என்று வருந்துபவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பாடலைப் பற்றிய குறைகளில் ஒன்றை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். முன்பின் தெரியாத மனிதர்களின் உடல் எடையைக் காட்டி ஒரு விவாதத்தைத் தொடங்குவது கொடுமையானது, அந்த முதல் கேள்வியிலேயே பாடலோடு உறவை முறித்துக்கொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது மேட்டிமைத்தனமான பாடல், பாடுபவர் தன்னை மற்றவர்களுக்கு மேலே வைத்துக்கொள்கிறார் என்ற குறையை ஏற்க மாட்டேன். பாடலுக்குள்ளேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. சாலையில் இவரை ஓரம்கட்டிவிட்டு ஆபாசமாக விரலைக் காட்டிச் செல்பவனுடைய வண்டியின் எண்பலகையில் இருப்பது சமாதானச் சின்னம். ஆகவே சாடப்படுபவர்கள் எதிர்த்தரப்பு மட்டும் அல்லர், நல்ல எண்ணங்கள் கொண்டவராகத் தம்மைக் கருதிக்கொள்பவர்களும் அதில் அடக்கம். அடுத்து, ‘அவர்கள்’ என்று தொடங்கிய கோரஸ் பின்னால் ‘நாம்’ என்று மாறி, நம்மால் தின்ன முடிந்ததை எல்லாம் நாம் தின்று தீர்த்துவிட்டோம் என்று முடிகிறது. உணவகத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் அந்தத் தந்தையும் ஒருவர் அல்லவா?

இதோடு 2001 ஆல்பத்தில் உள்ள ‘ஸ்டில் ஃபைட்டிங் இட்’ பாடலைச் சேர்த்துக் கேட்கப் பரிந்துரைப்பேன். தன் மகனை மனத்தில் வைத்து ஃபோல்ட்ஸ் எழுதிய அந்தப் பாடலிலும் தந்தை மகனிடம் பேசுகிறார், அங்கேயும் மலிவான உணவகச் சாப்பாடு வருகிறது. ஒரு ரோஸ்ட் பீஃப் காம்போ 9 டாலர் 95 சென்ட்தான், நீ பணம் கொடுக்க வேண்டாம், என்னிடம் சில்லறை இருக்கிறது என்று தந்தை சொல்வார். வளர்வது எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லி, நீயும் என்னைப் போலவே இருக்கிறாய், அதற்காக வருந்துகிறேன் என்று அவர் மன்னிப்புக் கேட்பதில் அந்தப் பாடல் நம்மைக் கலங்கடிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே போன்ற மேசையில், அதே மகனுக்கு, தான் அவனுக்கு விட்டுச்செல்லப்போகும் நாட்டைக் காட்டுகிறார் என்று ‘ஆல் யூ கேன் ஈட்’டைக் கேட்டால், அந்த மெட்டு ஏன் அவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பது விளங்கும். பிள்ளையிடம் பேசும்போது குரலை உயர்த்த மாட்டார்கள். ‘ஸ்டில் ஃபைட்டிங் இட்’டை உருக்கமான பாடல் என்று கொண்டாடிக்கொண்டே இதை வெறும் வசை என்று ஒதுக்குபவர்கள், ஒரே தந்தையின் இரண்டு பேச்சுகளில் ஒன்றை மட்டும் கேட்டவர்கள் ஆகிறார்கள்.

நான்காவதான ‘ராக்ஸ்டார்’ ஐந்தில் வலுக்குறைந்தது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள், நானும் மாறுபடவில்லை.

கடைசிப் பாடலான ‘சாங்ஸ் ஆஃப் லவ்’ ஃபோல்ட்ஸ் எழுதியது அன்று. வட அயர்லாந்தைச் சேர்ந்த நீல் ஹானன் தன் ‘த டிவைன் காமெடி’ என்ற இசைக்குழுவின் பெயரில் 1996-இல் வெளியிட்ட ‘கஸனோவா’ ஆல்பத்தில் இருப்பது. இதைப் பற்றிய கருத்துகள் கேட்பவர் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்தே மாறுவது வேடிக்கையான உண்மை. இதே மெட்டுதான் பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சியில் 1995 முதல் 1998 வரை ஒளிபரப்பான, பாதிரியார்களைப் பற்றிய ‘ஃபாதர் டெட்’ என்ற நகைச்சுவைத் தொடரின் முகப்பு இசை. ஆகவே அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அந்தத் தொடரோடு வளர்ந்தவர்களுக்கு முதல் சுரங்களிலேயே பாதிரியார்களின் முகங்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன, பாடலின் ஏக்கம் அவர்களைத் தொடத் தாமதமாகிறது. அந்தத் தொடரை அறியாதவருக்கு அந்தத் தடை இல்லை. இது ஃபோல்ட்ஸின் சொந்தப் பாடல் என்றே பல காலம் நம்பியவர்களும் உண்டு.

வெளியே தெருக்களிலும் காப்பிக் கடைகளிலும் வாலிபர்கள் துணை தேடி அலைந்துகொண்டிருக்க, என்னைப் போன்றவர்கள் மாடி அறைகளில் ஒடுங்கிக் காதல் பாடல்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பாடலின் பொருள். ஹானன் இதைக் கனத்த, நாடகப் பாங்கான குரலில் பாடுகிறார். உயரத்தில் உட்கார்ந்து கீழே நடப்பதை விவரிக்கும் கதைசொல்லியின் குரல் அது, அதில் ஒரு புன்னகை இருக்கிறது. ஃபோல்ட்ஸின் குரல் மெலிந்தது, சாதாரணமானது, மேல் ஸ்தாயியில் சற்றே திணறுவது. அவர் பாடும்போது, அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனே பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. ஒருவனுடைய அதிர்ஷ்டம் அவன் குரலின் தொனியைப் பொறுத்தது என்று பொருள்படும் வரி பாடலிலேயே வருகிறது. ஹானன் அதைச் சொல்லும்போது கவலையின்றிச் சொல்கிறார், ஃபோல்ட்ஸ் சொல்லும்போது அது அவருடைய சொந்தக் கவலையாக ஒலிக்கிறது. இன்னொருவரின் பாடலை எடுத்துப் பாடும் கவர் பாடல் இ.பி.யின் இடத்தை வீணாக்குகிறது என்பவர்களுக்கு என் பதில் இதுதான். தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்பவனில் தொடங்கி, தன்னை ஏற்றுக்கொள்வதற்கும், நாட்டைப் பார்ப்பதற்கும், புகழ் பெற்றவனுக்கும் நகர்ந்த இந்த ஐந்து பாடல் வரிசை, புகழ் எதுவும் இல்லாமல் அறையில் தனியாகப் பாட்டு எழுதும் ஒருவனில் வந்து முடிகிறது. அந்த இடத்துக்குப் பொருத்தமான பாடலை இன்னொருவர் எழுதியிருந்தார். ஃபோல்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டார்.

அடுத்து, கருத்து வேறுபாட்டுக்கு நான் முக்கியக் காரணமாகக் கருதுவதைச் சொல்ல வேண்டும். 2006 அக்டோபரில் மூன்று இ.பி.க்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த ஒன்பது பாடல்களை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து, வேறு மூன்றைச் சேர்த்து, ‘சூப்பர்சன்னிஸ்பீட்கிராஃபிக்’ என்ற பன்னிரண்டு பாடல் ஆல்பமாக வெளியிட்டார்கள். கடைகளில் எளிதாகக் கிடைத்தது அதுதான் என்பதால், பலர் ‘சன்னி 16’-இன் பாடல்களை அதன் வழியாகவே முதலில் கேட்டார்கள். அந்த ஆல்பத்தில் ‘த டார்க்னெஸ்’ குழுவின் உச்சக்குரல் ராக் பாடலும், டாக்டர் ட்ரேயின் ஆபாசமான ராப் பாடலை உருக்கமான பியானோப் பாடலாக மாற்றிய புகழ்பெற்ற விளையாட்டும், அனிமேஷன் படத்துக்கு எழுதிய பாடலும் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் கேட்டவருக்கு இவை பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தேர்வே வேறொன்றையும் காட்டுகிறது. ‘ஸ்பீட் கிராஃபிக்’கிலிருந்து இரண்டு பாடல்களும், ‘சூப்பர் டி’யிலிருந்து மூன்றும், ‘சன்னி 16’-இலிருந்து ‘ராக்ஸ்டார்’ தவிர மற்ற நான்கும் அங்கே இடம்பெற்றன.

மற்ற இரண்டு இ.பி.க்களையும் நான் தாழ்த்திச் சொல்லவில்லை. ‘ஸ்பீட் கிராஃபிக்’ ‘த க்யூர்’ குழுவின் 1985-ஆம் ஆண்டுப் பாடலான ‘இன் பிட்வீன் டேஸ்’ஸில் தொடங்குகிறது, கிட்டார்களால் ஓடிய பாட்டைப் பியானோவால் அதே விசையோடு ஓட வைத்திருக்கிறார். ‘கிவ் ஜூடி மை நோட்டீஸ்’ பாடலின் இரண்டு பதிவுகளில் எது மேல் என்பது ரசிகர்களுக்குள் ஓயாத விவாதம். 2005 பதிவில் ஸ்டீல் கிட்டார் சேர்ந்து நாட்டுப்புற மணம் வீசுகிறது, அது அழகாகவே இருக்கிறது. ஆயினும் வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுப்பதுபோல் ஓர் உறவிலிருந்து விலகுபவனின் வறட்சி, அலங்காரம் குறைந்த முதல் பதிவில்தான் நேராக வந்து சேர்கிறது. ‘சூப்பர் டி’யில் ஆஸ்திரேலிய நகரத்தைப் பற்றிய ‘அடிலெய்ட்’ எனக்குப் பிடிக்கும். ஃபோல்ட்ஸ் அந்த ஊரில் வாழ்ந்தவர், சுற்றுலாப் பயணியாகப் பார்த்து எழுதவில்லை என்பது பாட்டில் தெரிகிறது. எனினும் தொடக்கத்தில் டார்க்னெஸ் பாடலும் முடிவில் மேடையில் பதிவான ரே சார்ல்ஸ் பாடலுமாக அந்த இ.பி. ஒரு நல்ல கச்சேரியின் பகுதிகளைப் போல அமைந்திருக்கிறதே தவிர, ‘சன்னி 16’-ஐப் போல ஒரே எண்ணத்தைத் தொடர்ந்து செல்வதில்லை.

புதிதாகக் கேட்பவர் இதிலிருந்து தொடங்கலாமா என்ற கேள்விக்கு, தொடங்கலாம் என்பதே என் பதில். ஆங்கில வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்தையும் வெளியான வரிசையிலேயே, கலைத்துப் போடாமல் கேளுங்கள். வரிகளைவிட வாத்திய விசையில்தான் உங்கள் மனம் ஈடுபடும் என்றால் மட்டும் 1997 ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு இங்கே வாருங்கள். உங்களிடம் 2006 தொகுப்பு மட்டும் இருக்கிறது என்றால், அதிலிருந்து இந்த நான்கு பாடல்களை எடுத்து மேலே நான் சொன்ன வரிசையில் அடுக்கி, ‘ஆல் யூ கேன் ஈட்’டுக்கு முன்னால் ‘ஸ்டில் ஃபைட்டிங் இட்’டைச் சேர்த்துக்கொள்ளலாம். இ.பி.யில் அப்படி இல்லைதான், ஆனால் அந்த ஒரு பாடலைப் பற்றிய உங்கள் கருத்து அதன்பின் மாறக்கூடும்.